மேற்படியான்

பகலெல்லாம் பிறர் பெயர்களை அடிக்கிறேன்.
மனாமாவில், தங்கக்கடைச் சந்துக்குப் பின்னால்,
ஏசி சொட்டும் தண்ணீருக்கு வாளி வைத்த
ஒற்றை அறை டைப்பிங் சென்டர்.
ஒரு எழுத்து பிசகினால் சிபிஆர் அட்டை வராது,
அட்டை வராவிட்டால் சம்பளம் வராது.
அதனால் வருகிறவர் எல்லோரிடமும் சொல்வேன்:
பேரை இன்னொரு தரம் பார்த்துக்குங்க.

ஈப்போவிலிருந்து ரகுமத்து கனி மச்சான்
பதினான்கு படங்கள் அனுப்பியிருந்தார்.
குடும்பக் கொடிவழி வரைகிறாராம்.
பூட்டன் மனாமாவிலிருந்து எழுதிய கடிதம்,
நீ அங்கேதானே இருக்கே, நீயே படி என்றார்,
அந்த ஊர்க் காற்றுப் பட்டால்
எழுத்து தெளியும் என்பதுபோல.

கடைசி ஆள் போன பிறகு
படத்தை இரு விரலால் விரித்தேன்.
எறும்பு வரிசை. புள்ளி ஒன்றுகூட இல்லை.
காலும் ரகரமும் இரட்டைப் பிள்ளைகள்.
மரககாயர என்றிருந்ததை
மாக்காயா என்று வாசித்து,
யார் இந்த மாக்காயா என்று
மூன்று இரவு தேடினேன்.

ஐந்தாம் படத்தில் கணக்கு.
முத்து மஞ்சாடி ௰௨, கேட்க ஆளில்லை.
வருஷம் ௲௯௱௩௰.
விசா படிவத்தின் முதுகில் எழுதிக் கூட்டினேன்:
ஆயிரம், ஒன்பது நூறு, மூன்று பத்து.

தம்பியின் பெயர் ஒரே ஒருமுறை: செய்யது கலந்தர்.
அதன்பின் ௸ என்ற சுழி மட்டும்.
௸யான் வந்தான். ௸யானுக்குக் காய்ச்சல்.
௸யான் சல்லடையை விற்றான்.
மேற்படி, மேற்படி.
கூடப் பிறந்தவனையா இப்படி எழுதுவார்,
மைக்குக் காசு எண்ணியவர்போல.

பத்தாவது படம், அடிவரி.
௸யான கெடடான.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமான வரி.
கடிதம் வந்த அன்று கீழக்கரையில்
யாரோ உரக்க வாசித்திருக்கிறார்கள்:
கெட்டான்.
அதற்குப் பிறகு அவன் பேரில் பாத்திஹா இல்லை,
எந்தப் பிள்ளைக்கும் அந்தப் பெயர் இல்லை.
பேசி வைத்திருந்த பெண்ணுக்கு
வேறிடத்தில் நிக்காஹ் முடிந்தது.
சூது என்றார் ஒருவர். குடி என்றார் இன்னொருவர்.
பஸ்ராவில் ஒரு பெண் என்றார்
பஸ்ராவைப் பார்க்காதவர்.
தொண்ணூறு வருஷம்
கெட்டதற்குக் காரணம் தைத்துக்கொண்டிருந்தோம்.

ஆனால் இந்தக் கை கொம்பைச் சுழிப்பதே இல்லை.
தேதியைத் தெதி என்கிறது,
மேலே என்பதை மெலெ என்கிறது,
குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்பு.
அப்படியானால்

எழுந்து போய் வாளியைக் கொட்டிவிட்டு வந்து
மறுபடி பார்த்தேன்.

கேட்டான்.
மேற்படியான் கேட்டான்.

தாளின் கடைசிச் சொல் அது.
வாசித்தவர் மறுபக்கம் திருப்பினாரோ என்னவோ,
அதற்குள் வீட்டில் அழுகை தொடங்கியிருக்கும்.
மறுபக்கம் பதினோராம் படம். முதல் வரி:
இலலை எனறென.

என்ன கேட்டான் என்று எழுதவில்லை.
மஞ்சாடி வரை கணக்கு வைத்த கை
அதை மட்டும் எழுதவில்லை.
கப்பலுக்கா, கஞ்சிக்கா, காய்ச்சலுக்கு மருந்துக்கா.

மச்சானை அழைத்தேன். ஈப்போவில் விடிந்துகொண்டிருந்தது.
பின்னால் யாரோ பாங்கு சொன்னார்கள்.
முடியும்வரை பேசாமல் இருந்தார்.
'அப்ப இல்லைன்னது நம்ம பூட்டன்.'
'ஆமா.'
'நீயும் நானும் அவர் வழி.'
'ஆமா மச்சான்.'
'கெட்டான்னே இருக்கட்டுமே. அப்படியும் வாசிக்கலாம்ல?'

வாசிக்கலாம்தான்.
புள்ளியில்லாத தாள் யாரையும் காப்பாற்றாது,
காட்டிக்கொடுக்கவும் செய்யாது.
கொடிவழியில் அந்தக் கட்டத்தை
இப்போதைக்கு வெறுமையாக விடுவதாகச் சொன்னார்.

ஷட்டரைப் பாதி இறக்கியபோது
பரமக்குடிப் பையன் ஒருவன்
குனிந்து எட்டிப் பார்த்தான்,
ஈரக்காற்றில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.
'அண்ணே, ஒண்ணு கேக்கணும்.'

கை அப்படியே நின்றது.
கேளு என்றேன்.
சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல,
ஓரடி பின்னால் போனான்.

'சார்ஜர் இருக்குமாண்ணே?'